கல்லுக்கு எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் ஒரு புள்ளி

கேள்வி:

எனக்கு 54 வயது. முக்கூடல் பக்கத்து ஊர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பீடி சுற்றுகிறேன். புகை பிடித்ததோ வெற்றிலை போட்டதோ கிடையாது. வீட்டுக்காரர் பீடி குடிப்பார். ஆனி மாதத்தில் ஒரு நாள் இடுப்பைப் பிடித்து வலி தாங்க முடியாமல் திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்குக் கூட்டிப் போனார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்துச் சிறுநீரகக் கல் என்றார்கள். மாத்திரையிலேயே கல் விழுந்துவிட்டது. ஆனால் அந்த ரிப்போர்ட்டில் வலது நுரையீரலின் அடிப்பக்கத்தில் 5 மில்லிமீட்டரில் ஒரு நோடியூல் இருக்கிறது, தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. இடது சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, ஈரலில் கொழுப்பு என்றும் இருக்கிறது. எங்கள் டாக்டர், “ஒண்ணும் இல்லம்மா, ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்” என்று அனுப்பிவிட்டார். ஒன்றும் இல்லையென்றால் ஆறு மாசம் கழித்து எதற்குப் பார்க்க வேண்டும்? பெங்களூரில் இருக்கும் மகன் நெட்டில் படித்துவிட்டு, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கச் சொல்கிறான். மதினி திருவனந்தபுரம் ஆர்.சி.சி. கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்கிறாள். உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்துவிடலாமா என்றும் பேச்சு நடக்கிறது. 2021-ல் கொரோனா வந்தபோது நெஞ்சில் ஸ்கேன் எடுத்தார்கள். அப்போது இதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், அதனால் வீட்டுக்காரரிடம்கூட நான் முழுதாகச் சொல்லவில்லை. இது கேன்சரா டாக்டர்? ராத்திரி தூக்கமே இல்லை.

(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்:

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புகை பிடிக்காத ஒருவருக்கு, வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தெரியும் 5 மில்லிமீட்டர் முடிச்சு (ரிப்போர்ட்டில் நோடியூல் என்று போட்டிருப்பது) புற்றுநோயாக இருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 5 மில்லிமீட்டர் என்றால் ஓர் உளுந்து அளவு. நம் பக்கத்தில் இந்த அளவில் தெரிபவற்றில் பெரும்பாலானவை, எப்போதோ வந்து நமக்கே தெரியாமல் ஆறிப்போன காசநோய்த் தழும்பு, பழைய சளித் தொற்றின் மிச்சம், அல்லது நுரையீரலுக்குள் இயல்பாகவே இருக்கும் சின்ன நிணநீர் முடிச்சு. இவற்றுக்கு மருந்து தேவையில்லை. ஸ்கேன் எடுக்காமல் இருந்திருந்தால் காலம் முழுக்க அது இருந்ததே உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இதை நான் சொல்லும்போது ஒரு நிபந்தனை உண்டு. இதற்கு முன் உங்களுக்கு மார்பகத்திலோ கர்ப்பப்பையிலோ வேறெங்கோ புற்றுநோய் வந்து சிகிச்சை எடுத்திருந்தால், அல்லது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளை நீண்ட நாளாகச் சாப்பிட்டு வந்தால், கணக்கு வேறு. கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதால் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். இருந்தால் உடனே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் இருக்கும் மிக முக்கியமான வரிக்கு வருகிறேன். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: 2021-ல் எடுத்த நெஞ்சு ஸ்கேன்.

அந்தப் படத்தைத் தேடுங்கள். பீரோ மேலே, கட்டிலுக்கு அடியில், ரேஷன் கார்டு வைக்கிற பையில், எங்கே இருந்தாலும் சரி. கூடவே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் சி.டி. தட்டு கொடுத்திருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஃபிலிமில் படங்கள் பொடிப்பொடியாக இருக்கும், உளுந்தளவு புள்ளி அதில் சரியாகத் தெரியாது. எதுவும் கிடைக்காவிட்டால், பழைய பில்லையோ தேதியையோ சொல்லி எடுத்த சென்டரில் கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் கம்ப்யூட்டரில் வைத்திருப்பார்கள், சில இடங்களில் அழித்திருப்பார்கள். கேட்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அப்போது யாரும் சொல்லவில்லையே என்கிறீர்கள். அந்த மே, ஜூன் மாதங்களை நினைத்துப் பாருங்கள். ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வந்தவர்கள் எல்லோரும் நுரையீரல் பாதிப்பு 25-க்கு எத்தனை என்றுதான் கேட்டார்கள், ரிப்போர்ட் எழுதியவர்களும் அந்த எண்ணைத்தான் தேடினார்கள். நுரையீரல் முழுக்கக் கொரோனாத் திட்டுகள் இருக்கும்போது ஓரத்தில் இருந்த சின்னப் புள்ளியை எழுதாமல் விட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆகவே எழுதவில்லை என்பதை வைத்து, இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இரண்டு ஸ்கேனையும் ஒரே ரேடியாலஜிஸ்ட் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் புள்ளி அன்றைக்கும் அதே இடத்தில் அதே அளவில் இருந்தது என்றால், விஷயம் அன்றே முடிந்தது. முழுதும் கெட்டியாகத் தெரியும் ஒரு முடிச்சு இரண்டு வருடம் வளராமல் இருந்தாலே அது தீங்கற்றது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். உங்களுக்கோ நாலு வருஷம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் ஆறு மாசமும் வேண்டாம், ஒரு வருஷமும் வேண்டாம்.

அன்றைக்கு அது இல்லை, பிறகுதான் வந்திருக்கிறது என்றால்? அப்போதும் கொரோனாவே விட்டுப்போன தழும்பாக இருக்கலாம். ஆனால் அந்த நிலையில் உங்கள் டாக்டர் சொன்ன ஆறு மாதத்தை நானும் ஒப்புக்கொள்வேன்.

பழைய படமே கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். உலகில் பல நாடுகளில் மருத்துவர்கள் பின்பற்றுவது, நெஞ்சு ஸ்கேன் நிபுணர்களின் அமைப்பான பிளெய்ஷ்னர் சொசைட்டி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலை. கெட்டியான முடிச்சு 6 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்து, ஆபத்துக் காரணங்கள் இல்லையென்றால், திரும்ப ஸ்கேனே தேவையில்லை என்கிறது அது. புகை பிடிப்பது போன்ற காரணங்கள் இருந்தால் 12 மாதம் கழித்து ஒரு முறை பார்க்கலாம், அதுவும் விருப்பப்பட்டால். 6 முதல் 8 மில்லிமீட்டர் என்றால் 6 முதல் 12 மாதத்துக்குள் கட்டாயம் பார்க்க வேண்டும். 8-ஐத் தாண்டினால் மூன்று மாதத்தில் ஸ்கேன், அல்லது பெட் ஸ்கேன் (சுறுசுறுப்பாக வளரும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேன்), சதைப் பரிசோதனை என்று யோசிக்க வேண்டும். கண்ணாடியில் ஆவி படிந்தாற்போல் மங்கலாகத் தெரியும் வகைக்குத் தனிக் கணக்கு இருக்கிறது, அதை ஐந்து வருடம் வரைகூடப் பார்ப்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் எந்த வகை என்று போடவில்லை போலிருக்கிறது. டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, ஓரம் வழவழப்பாக இருக்கிறதா முள் முள்ளாக இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். முழுக்கச் சுண்ணாம்பு படிந்த முடிச்சு என்றால் பெரும்பாலும் பழைய காசநோய்த் தழும்பு, அதோடு விட்டுவிடலாம்.

உங்கள் விஷயத்தில் நான் என்ன செய்வேன்? கல்லுக்கு எடுத்த ஸ்கேன் வயிற்றுக்கானது. அதில் நுரையீரலின் அடி மட்டும்தான் விழும், மேல் பாகம் விழாது. வழிகாட்டுதல்படி பார்த்தால் இவ்வளவு சின்னதுக்கு மேற்கொண்டு எதுவும் வேண்டாம். ஆனாலும் நீங்கள் இத்தனை காலம் புகையிலைத் தூளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறீர்கள், வீட்டுக்குள் பீடிப் புகையும் இருக்கிறது, விறகடுப்பிலும் பல வருடம் சமைத்திருப்பீர்கள். புகையிலைத் தூளைச் சுவாசிப்பதைப் புகை பிடிப்பதற்குச் சமமாக வைக்க முடியாது, ஆனால் அது நுரையீரலுக்கு ஆகாது என்பதில் சந்தேகமில்லை. அதனால் 12 மாதம் கழித்து, நெஞ்சு முழுக்க ஒரே ஒரு சி.டி. எடுத்துப் பார்த்துவிட்டு, வளரவில்லையென்றால் ஃபைலை மூடிவிடுவேன்.

ஒன்றும் இல்லையென்றால் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. உங்கள் டாக்டர் இன்னும் இரண்டு நிமிடம் செலவழித்து அதைச் சொல்லியிருக்கலாம். அடுத்த மாதமே எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கெட்டியான புற்றுநோய் முடிச்சு ஒன்று தன் கன அளவில் இரட்டிப்பாக ஏறக்குறைய 100 முதல் 400 நாள் ஆகும். கன அளவு இரண்டு மடங்கானாலும் குறுக்களவு கால் பங்குதான் கூடும். 5 மில்லிமீட்டர் 6.3 ஆகும், அவ்வளவுதான். வேகமாக வளரும் ஒன்றாகவே இருந்தாலும் ஒரு மாதத்தில் 5.4-ஐத் தொடாது. மூச்சை எவ்வளவு இழுத்துப் பிடித்தீர்கள், யார் அளந்தார்கள் என்பதைப் பொறுத்தே அளவு ஒன்றரை மில்லிமீட்டர் வரை முன்னே பின்னே வரும். ஆக அடுத்த மாத ஸ்கேனில் 4 என்று வந்தாலும் 6 என்று வந்தாலும் அதற்கு அர்த்தமே கிடையாது. 6 என்று வந்துவிட்டால் பயம் மட்டும் இரண்டு மடங்காகும். 200 நாளில் இரட்டிக்கும் முடிச்சாக இருந்தால் ஒரு வருடத்தில் ஏழரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடும், அந்த வித்தியாசத்தை யார் அளந்தாலும் கண்டுபிடிக்கலாம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று சொல்வது இந்தக் கணக்கால்தான். டாக்டர் உங்களைத் தட்டிக் கழிக்கவில்லை.

மகனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஊசி போட்டுப் பார்ப்பது கேட்க எளிதாக இருக்கிறது. நுரையீரலின் அடிப்பாகம் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் போய்வரும் இடம். அங்கே உளுந்தளவு ஒன்றில் ஊசியை நிறுத்துவது கஷ்டம். குறி தப்பினால் ஒன்றும் இல்லை என்றே ரிப்போர்ட் வரும், அதை நம்பவும் முடியாது. நுரையீரலில் ஊசி போடுகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நெஞ்சுக்குள் காற்றுக் கசியும். சிலருக்குக் குழாய் போட்டு அதை வெளியேற்ற வேண்டியிருக்கும். பெட் ஸ்கேனும் 8 மில்லிமீட்டருக்குக் கீழே நம்பகமாகக் காட்டாது. அதோடு காசநோய் இருந்தாலும் அது புற்றுநோய் மாதிரியே ஒளிரும், நம் ஊரில் இது பெரிய தலைவலி. இரத்தத்தில் கேன்சர் மார்க்கர் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

ஆர்.சி.சி. நல்ல ஆஸ்பத்திரி. நம் பக்கத்து ஜனங்கள் செங்கோட்டை வழியாக அங்கே போய் வருவது பல காலமாக நடக்கிறது, தேவை வந்தால் நானே எழுதி அனுப்புவேன். ஆனால் 5 மில்லிமீட்டருக்கு அங்கேயும் இதே பதில்தான் கிடைக்கும். அதற்காக ஒரு நாள் முழுக்க நோயாளிகளுக்கு நடுவே வரிசையில் உட்கார்ந்திருந்தால் தூக்கம் இன்னும் போகும்.

உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். ஒரு ஸ்கேனுக்கே இவ்வளவு கலக்கம். முழு உடம்பையும் தேடினால் தைராய்டில் ஒன்று, பித்தப்பையில் ஒன்று, ஈரலில் ஒன்று என்று கட்டாயம் எதையாவது காட்டும். தென் கொரியாவில் 1999 முதல் நாடு தழுவிய புற்றுநோய்ப் பரிசோதனை நடந்தபோது, கூடவே தைராய்டுக்கும் அல்ட்ராசவுண்ட் பார்க்கும் பழக்கம் பரவியது. 2011-க்குள் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் விகிதம் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கானது. அந்த நோயால் இறப்பவர்களின் விகிதமோ மாறவே இல்லை. கழுத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு ஆயுள் முழுக்க மாத்திரை போடுகிறவர்கள்தான் கூடினார்கள். 54 வயதுப் பெண்ணுக்கு உண்மையில் உதவும் பரிசோதனைகள் மார்பகத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும்தான். நம் நாட்டுப் பெண்களுக்கு அதிகம் வருவது அந்த இரண்டு புற்றுநோய்தான். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் பார்க்கிறார்கள். நீங்கள் இதுவரை போயிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் அந்த மற்ற இரண்டு வரிகள். சிறுநீரகத்தில் இருப்பது சாதாரண நீர்க்கட்டி என்றால் மறந்துவிடலாம். வயதாக ஆக நிறையப் பேருக்கு வருவதுதான். ஈரலில் கொழுப்பு என்ற வரியை வீட்டில் யாருமே கண்டுகொள்ளவில்லை பாருங்கள். மொத்த ரிப்போர்ட்டில் உங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான். கால் மடக்கி ஒரே இடத்தில் பகல் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை, மூன்று வேளையும் சோறு அல்லது இட்லி. வெறும் வயிற்றில் சர்க்கரையும் கொழுப்பும் பாருங்கள், இரத்த அழுத்தம் பாருங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஆட்கள் தெருவுக்கு வரும்போதே சர்க்கரையும் அழுத்தமும் பார்த்துக்கொள்ளலாம். ராத்திரிச் சோற்றைக் குறைத்து, பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டுத் தினமும் அரை மணி நேரம் நடங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். வேலை கெடுகிறது என்று தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்கார்ந்திருந்தால் கல் திரும்ப வரும்.

வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். இதை ஒளித்து வைத்தால், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து வரும் தேதி உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். அந்த நேரம் பார்த்துக் கல்யாண வேலை வரும், வளைகாப்பு வரும், தேதி போய்விடும். முதல் மாதம் தூங்காமல் இருந்தவர்கள் பன்னிரண்டாம் மாதம் ஸ்கேனையே மறந்துவிடுவது சர்வ சாதாரணம். உங்களுடைய 5 மில்லிமீட்டருக்கு அதனால் பெரிய ஆபத்து இல்லை. 8, 9 என்று இருப்பவர்களுக்கு உண்டு. ஸ்கேன் ஆனியில் எடுத்ததால் கணக்கு உங்களுக்குச் சுலபம்: அடுத்த வருடம் நெல்லையப்பர் கோவில் தேர் நிலைக்கு வந்த வாரம் ஸ்கேனுக்குப் போக வேண்டும் என்று காலண்டரில் வீட்டுக்காரரை விட்டே எழுதச் சொல்லுங்கள். பேச்சோடு பேச்சாக, பீடி குடிக்கும் அவருக்குத்தான் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து உங்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்றும் சொல்லுங்கள். இந்தக் கலவரத்தில் அவர் பீடியை விட்டுவிட்டால் எனக்கு அதுவே போதும்.

மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. இது நோய் இல்லை, பரம்பரையாக வருவதும் இல்லை, மகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. “நெஞ்சுல கட்டியாம்ல” என்று பீடிக் கடையில் யாராவது கேட்டால், “கல்லு இருந்துச்சு, விழுந்துட்டு” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். அது பொய்யும் இல்லை.

தூக்கத்தைப் பற்றி. மகனை நெட்டில் தேடித் தேடி அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள், சந்தேகம் இருந்தால் அவனே உங்கள் டாக்டருக்குப் போன் செய்து கேட்கட்டும். ரிப்போர்ட்டை அவருக்கும் இவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆளுக்கொரு யோசனை வாங்குவதையும் நிறுத்துங்கள். பழைய படத்தைத் தேடும் வேலை ஒரு வாரத்துக்கு உங்களுக்கு இருக்கிறது. அதற்கப்புறமும் இரண்டு மூன்று வாரம் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், வேலையில் கை ஓடாமல் இருந்தால் அது தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் இருக்கிறது. அங்கே போவதால் யாருக்கும் பைத்தியம் என்று பேர் வந்துவிடாது.

காத்திருக்கும் காலத்தில் சில விஷயங்கள் நடந்தால் தேதியைப் பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும். சளியில் இரத்தம் வந்தால், அது ஒரு பொட்டாக இருந்தாலும் சரி. காரணமில்லாமல் எடை குறைந்தால், குரல் கம்மி மூன்று வாரமாகியும் சரியாகாவிட்டால், மூச்சு வாங்க ஆரம்பித்தால். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ சாயங்காலக் காய்ச்சலோ இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், அது இலவசம். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்: இருமலும் இல்லை, சளியில் கிருமியும் இல்லை, ஆனால் ஸ்கேனில் புள்ளி இருக்கிறது, எதற்கும் ஆறு மாதம் டி.பி. மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். ஈரலில் ஏற்கெனவே கொழுப்பு இருக்கிறது, அந்த மாத்திரைகள் ஈரலைத்தான் முதலில் தொடும்.

அடுத்த ஸ்கேன் எடுக்கும்போது லோ டோஸ் (குறைந்த கதிர்வீச்சு) முறையில், கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாமல் எடுக்கும்படி டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்குங்கள். வருடம் முழுக்க மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் உடம்பில் ஏறும் கதிர்வீச்சைவிட அதில் வருவது குறைவு, அதனால் அந்தப் பயம் வேண்டாம். முடிந்தால் முதலில் எடுத்த அதே சென்டர். இல்லை, தனியாரில் செலவு அதிகம் என்றால் ஹைகிரவுண்டிலேயே எடுக்கலாம். எங்கே எடுத்தாலும் ஆனி மாத ஸ்கேனும், கிடைத்தால் 2021-ல் எடுத்ததும் கையில் இருக்கட்டும். பழையதோடு ஒப்பிட்டு எழுதித் தாருங்கள் என்று படம் எடுப்பதற்கு முன்னாலேயே கவுன்டரில் சொல்லிவிடுங்கள்.